ஆளுக்கொரு கவலை: ‘சுற்றியிருப்பவர்களே’ அணியின் பட்டிமன்ற உரை

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன் அவர்களே, தங்கை அவர்களே, காரைக்குடியின் இந்தத் திருவிழா மேடைக்கு முன்னால் பாயும் சமுக்காளமும் விரித்து உட்கார்ந்திருக்கும் ஆச்சிமாரே, பெரியவர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சினிமாத் தொழிலைக் கேலி செய்யும் நகைச்சுவைப் படத்தைத் தூக்கி நிறுத்துவது நாயகனா, சுற்றியிருப்பவர்களா? இதுதான் இன்றைக்கு நமக்குக் கொடுத்த தலைப்பு. நான் சுற்றியிருப்பவர்கள் பக்கம் நிற்கிறேன். தலைப்பைக் கேட்ட அன்றே இந்தப் பக்கம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

எதிரணி அண்ணன் நன்றாகப் பேசினார். போஸ்டரில் யார் முகம் பெரிதாக இருக்கிறதோ அவருக்காகத்தான் டிக்கெட் வாங்குகிறோம் என்றார். நாகேஷை எடுத்துவிட்டால் ‘காதலிக்க நேரமில்லை’யில் சினிமாவைப் பற்றிய கேலியே இல்லை என்றார். ‘சர்வர் சுந்தரம்’ ஒரே ஆளின் தோளில் நின்ற படம் என்றார். தங்கை வந்து, கூட்டம் கூடினால் சத்தம்தான் வரும், சிரிப்பு வராது என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் உங்களை ஒரு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

கானாடுகாத்தானில் என் ஆயா வீடு. அம்மாவைப் பெற்ற ஆயா. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று இந்தத் தெருவில் தொடங்கி அந்தத் தெருவில் முடிகிற வீடு. அப்படிப்பட்ட வீடுகளில் சினிமாப் படப்பிடிப்பு நடப்பது உங்களுக்குப் புதிதில்லை. நான் ஏழாவது படிக்கும்போது ஆயா வீட்டிலும் ஒரு படம் எடுத்தார்கள். காட்சி ரொம்பச் சின்னது. வெளிநாட்டிலிருந்து திரும்பிய பேரனுக்குப் பாட்டி வெள்ளைப் பணியாரம் கொடுக்கிறாள். தட்டில் மூன்று பணியாரம். பேரன் ஒன்றை எடுத்துக் கடிக்க வேண்டும், கண் கலங்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒவ்வொரு முறை ‘ஒன் மோர்’ சொல்லும்போதும் கடித்த பணியாரத்தை எடுத்துவிட்டு முழுப் பணியாரம் வைக்க வேண்டும். அதைக் கவனிப்பதற்கென்றே உதவி இயக்குநர் ஒரு பையன், கையில் நோட்டோடு நின்றான். எத்தனை பணியாரம் இருந்தது, எந்தப் பக்கம் கடித்தது, துவையல் தட்டில் எங்கே இருந்தது, எல்லாம் எழுதுவான். கண்டின்யூட்டி என்பார்கள். அவனுக்கு உலகத்தில் வேறு கவலையே இல்லை, பணியாரக் கணக்குதான். கேமராமேனுக்கு வளவில் விழுகிற வெயில்தான் கவலை. அது தூணுக்குத் தூண் நகர்ந்துகொண்டே இருந்தது. புரொடக்‌ஷன் மேனேஜருக்கு நாயகனின் கால்ஷீட் ஆறு மணியோடு முடிகிறதே என்ற கவலை. பாட்டியாக நடிக்க வந்த அம்மா பெரிய நடிகை, அவருக்குக் கண்டாங்கிச் சேலையின் பின்கொசுவம் சரியாக விழவில்லையே என்று கவலை. எங்கள் ஆயாவிடம் மூன்று தடவை அவிழ்த்துக் கட்டிப் பழகினார். ஆயாவுக்கோ ட்ராலித் தண்டவாளம் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையைக் கீறிவிடக் கூடாதே என்ற கவலை. அடியில் சாக்கும் பழைய பாயும் கொண்டுவந்து விரித்தார்.

சாயங்காலம் நாலு மணிக்கு வெயில் சரியான தூணுக்கு வந்தது. கொசுவம் சரியாக விழுந்தது. நாயகன் தயார். கேமரா தயார். மாவு தீர்ந்துபோயிருந்தது.

அறுபது பேர், நடுவர் ஐயா. அறுபது பேர் ஒரு ஆட்டுக்கல்லைச் சுற்றி நின்றார்கள். பச்சரிசியும் உளுந்தும் அரைபடுகிற வரைக்கும் சினிமா காத்திருந்தது. மாவு வந்தபோது வெயில் போய்விட்டது. எங்கள் தெரு அந்த நாளைச் சொல்லிச் சொல்லி வருஷக்கணக்காகச் சிரித்தது. அந்தச் சிரிப்பை நாயகன் உண்டாக்கினாரா? அவர் பாவம், மின்விசிறிக்கு அடியில் சாந்தமாக உட்கார்ந்திருந்தார். கண்டின்யூட்டிப் பையனின் கவலையும் கேமராமேனின் கவலையும் மேனேஜரின் கவலையும் ஆயாவின் கவலையும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொண்டன. அந்த முட்டலில் பிறந்தது அந்தச் சிரிப்பு.

சினிமாத் தொழில் என்பதே ஆளுக்கொரு கவலை. என் வாதம் முழுக்க இதற்குள் இருக்கிறது. அந்தத் தொழிலை உள்ளபடி காட்டிச் சிரிக்கவைக்க நினைக்கிற படத்துக்கு ஆட்கள் வேண்டும். நிறைய ஆட்கள் வேண்டும். ஒவ்வொருவரும் தன் கவலையை உயிர் போகிற விஷயமாக நம்பி நடிக்க வேண்டும்.

இதை நான் சொல்வதைவிட ஒரு படம் அழகாகச் சொல்கிறது. அமெரிக்காவில் 2000-இல் டேவிட் மாமெட் எழுதி இயக்கிய ‘ஸ்டேட் அண்ட் மெயின்’. வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். அங்கே ஹாலிவுட்காரர்கள் படமெடுக்க வருகிறார்கள். முதலில் எடுத்துக்கொண்டிருந்த ஊரிலிருந்து அவர்களை விரட்டிவிட்டார்கள், காரணம் நாயகனின் நடத்தை. புது ஊரில் பழைய ஆலை ஒன்று இருக்கிறது என்று நம்பி வந்திறங்குகிறார்கள். அவர்கள் எடுக்கிற படத்தின் பெயரே ‘பழைய ஆலை’. வந்து பார்த்தால் ஆலை 1960-லேயே எரிந்துபோயிருக்கிறது. ஆலை இல்லாமல் ‘பழைய ஆலை’ எடுக்க வேண்டும்!

இப்போது ஆட்களைப் பாருங்கள். இயக்குநராக வில்லியம் ஹெச். மேசி. எல்லோரிடமும் ஒவ்வொரு விதமாகப் பேசி எப்படியாவது கேமராவை ஓடவிட வேண்டும் என்பது அவர் கவலை. கதாசிரியராக ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன். அவருடைய தட்டச்சு எந்திரம் தொலைந்துவிட்டது, அது இல்லாமல் அவருக்கு எழுத வராது, எழுதாவிட்டால் ஆலையைக் கதையிலிருந்து எடுக்க முடியாது. கதாநாயகியாக சாரா ஜெசிகா பார்க்கர். ஒப்புக்கொண்ட ஒரு காட்சியில் இப்போது நடிக்க மாட்டேன் என்கிறார், நடிக்க வேண்டுமென்றால் கூடுதலாக எட்டு லட்சம் டாலர் என்கிறார். தயாரிப்பாளராக டேவிட் பேமர், அந்தப் பணத்துக்கு எங்கே போவது என்பது அவர் கவலை. நாயகனாக அலெக் பால்ட்வின். ஊர்க்காரர்கள் பக்கத்தில், புத்தகக் கடை நடத்தும் பெண்ணாக ரெபெக்கா பிட்ஜன், மேயராக சார்லஸ் டர்னிங், மேயரின் மனைவியாக பேட்டி லுபோன், உணவகத்துக்காரர் மகளாக ஜூலியா ஸ்டைல்ஸ்.

இவர்களில் யார் நாயகன்? போஸ்டரை வைத்துச் சொல்லுங்கள் என்றால் எதிரணி அண்ணனால் சொல்ல முடியுமா? கதைக்குள் ‘நாயகன்’ என்ற பட்டத்தோடு வருகிறவர் பால்ட்வின். அவரைச் சுற்றித்தான் எல்லோரும் ஓடுகிறார்கள். ஆனால் படத்தின் சிரிப்பு ஓடுகிறவர்களிடம் இருக்கிறது.

அந்தப் படத்தில் ஒரு விருந்து வருகிறது. அதைப் பார்த்தபோது எனக்கு எங்கள் ஆயா ஞாபகம் வந்துவிட்டது. மேயரின் மனைவி சினிமாக்காரர்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறார். வீட்டையே புதுப்பித்து, சமைத்து, உடுத்திக்கொண்டு காத்திருக்கிறார். யாரும் வரவில்லை. யூனிட்டின் பலகையில் எழுதியிருந்த நாள் குளறுபடியாகிவிட்டது, அவ்வளவுதான். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்த அம்மாளின் முகம்! மறுநாள் மேயர் கோபத்தில் ஊரின் முக்கியத் தெருவில் படமெடுக்க அனுமதி இல்லை என்று நிற்கிறார். பலகையில் நடந்த ஒரு சின்னத் தப்பு மேயர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குப் போய், அங்கிருந்து மறுபடி கேமராவுக்கு முன்னால் வந்து விழுகிறது. பத்துப் பேர் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோனால்தான் இந்த நகைச்சுவை நடக்கும். ஒரு நாயகன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பலகையாகவும் மேசையாகவும் மேயராகவும் அவரே ஆக முடியாது.

இன்னொன்று. அந்த ஊர் உணவகத்தில் பெரியவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். சினிமா வந்த கொஞ்ச நாளில் அவர்கள் கையில் சினிமாத் தொழில் பத்திரிகை வந்துவிடுகிறது, வசூல் கணக்குப் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். ரொம்பச் சின்ன வேடங்கள். ஆனால் சினிமா ஒரு ஊருக்குள் எப்படிப் புகுந்துகொள்கிறது என்பதை அவர்களைவிட நன்றாக யாரும் சொல்லவில்லை. நமக்குத் தெரியாததா இது? இரண்டாம் உலகப் போருக்குப் பக்கத்து ஆண்டுகளில் ஏ.வி.மெய்யப்பச் செட்டியார் நம்ம தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். 1947-இல் வந்த ‘நாம் இருவர்’ இந்த மண்ணில் எடுத்த படம். சினிமாக்காரர்கள் பக்கத்து வீட்டுக்காரர்களாக இருந்த ஊர் இது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப்பாருங்கள், அந்த நாளில் டீக்கடையில் என்ன பேச்சு ஓடியது என்று.

‘ஸ்டேட் அண்ட் மெயின்’ படத்துக்கு அமெரிக்காவின் நேஷனல் போர்ட் ஆஃப் ரிவ்யூ என்ற திரைப்பட அமைப்பு 2000-க்கான கூட்டு நடிப்பு விருதைக் கொடுத்தது. அந்த விருதைத் தனி ஒருவருக்குக் கொடுக்க முடியாது. நடித்த எல்லோருக்கும் சேர்த்துத்தான் கொடுக்க முடியும்.

சரி, நம் ஊர்ப் படத்துக்கு வருகிறேன். 1964-இல் ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’. பாட்டெல்லாம் நம் சிறுகூடல்பட்டிக் கவிஞர் கண்ணதாசன். செல்லப்பாவாக நாகேஷ், அவர் அப்பா விஸ்வநாதனாக டி.எஸ்.பாலையா. செல்லப்பாவிடம் கதை இல்லை, காசு இல்லை, கேமரா இல்லை. ‘ஓஹோ புரொடக்‌ஷன்ஸ்’ என்று பெயர் மட்டும் இருக்கிறது. அப்பாவிடம் பணம் வாங்க வேண்டும். அப்பாவை உட்காரவைத்துப் பேய்க்கதை ஒன்று சொல்கிறார்.

அந்தக் காட்சியை இங்கே பார்க்காதவர் யாராவது உண்டா? கை தூக்குங்கள். ஒரு கைகூட இல்லை. இப்போது ஒரு கேள்வி. செல்லப்பா சொன்ன கதையில் என்ன நடந்தது? யார் எங்கே போனார்கள், கதவைத் திறந்தது யார், முடிவு என்ன? வரிசையாகச் சொல்ல நம்மில் பலருக்கு வராது. பாலையா முகத்தில் என்ன நடந்தது? அதைக் கேட்டால் எட்டு வயதுப் பிள்ளைகூட எழுந்து நின்று நடித்துக்காட்டும். கண் பெரிதாவது, வாய் உலர்வது, பயத்தைக் காட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைத்தும் உடம்பு ஒடுங்குவது. நாகேஷ் பிரமாதமாகச் சொல்கிறார், அதில் எனக்குக் கருத்து வேற்றுமையே இல்லை. ஆனால் நம் கண் சொல்கிறவரிடமும் கேட்கிறவரிடமும் மாறி மாறி ஓடிக் கடைசியில் கேட்கிறவரிடம் போய் நின்றுவிடுகிறது.

கதை சொல்லிப் பணம் வாங்குவதுதான் சினிமாத் தொழிலின் முதல் படி. அந்தப் படியில் எப்போதும் இரண்டு பேர் வேண்டும். கதை சொல்கிறவன், கேட்டு மயங்குகிறவர். அதைத்தான் ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் எழுதியிருக்கிறார்கள். பாலையா அந்த நாற்காலியில் இல்லாவிட்டால் நாகேஷ் ஒரு சுவரிடம் கதை சொல்லியிருப்பார். அப்புறம் சச்சு. கதாநாயகியாக நடித்துவிட்ட பிறகு நகைச்சுவை வேடத்துக்கு வந்து, செல்லப்பா தேடிப் பிடிக்கிற கதாநாயகி மீனலோசனியாக நிற்கிறார். கம்பெனிக்கு ஒரு கதாநாயகி கிடைத்த பிறகுதான் செல்லப்பாவின் கனவு இன்னொருவருடைய கனவாகவும் ஆகிறது. அதனால்தான் நாம் அவனைப் பைத்தியக்காரன் என்று ஒதுக்காமல், படம் எடுத்துவிட மாட்டானா என்று ஏங்குகிறோம். அந்தப் படத்தில் ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் என்ற கம்பெனி மூன்று பேர். நாகேஷ் அதில் ஒருவர்.

‘சர்வர் சுந்தரம்’ பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதுவும் 1964. அது ஒரு மனிதனின் ஏக்கத்தைச் சொல்கிற கதை, அதில் நாகேஷ் தனியாகத் தாங்குவது நியாயம். ஆனால் அதே படத்தில் ‘அவளுக்கென்ன’ பாட்டு எப்படி வருகிறது? ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் போகிறோம். எம்.எஸ்.விஸ்வநாதன் கையசைக்கிறார், டி.எம்.சௌந்தரராஜன் மைக்குக்கு முன்னால் நின்று பாடுகிறார், வாத்தியக்காரர்கள் வாசிக்கிறார்கள். நாயகன் வாயசைக்கிற பாட்டுக்குப் பின்னால் எத்தனை பேர் என்று அந்தப் படமே காட்டிவிட்டது. அண்ணன் எனக்குக் கொடுத்த சாட்சி அது.

தங்கை சொன்னார், கூட்டம் கூடினால் சத்தம்தான் வரும் என்று. 2014-இல் கார்த்திக் சுப்புராஜ் எடுத்த ‘ஜிகர்தண்டா’வை அவர் பார்த்திருப்பார். மதுரையில் ஒரு ரவுடியைப் பற்றிப் படமெடுக்கப் போன பையனை, அந்த ரவுடியே பிடித்து, நான்தான் ஹீரோ என்கிறான். அசால்ட் சேதுவாக பாபி சிம்ஹா. அவனுக்கு நடிப்பு சொல்லிக்கொடுக்க வரும் வாத்தியாராக குரு சோமசுந்தரம். சேது மட்டும் தனியாக நின்றால் நமக்குப் பயம்தான் வரும். அவனும் அவன் ஆட்களும் சின்னப் பிள்ளைகள் மாதிரி வாத்தியாருக்கு முன்னால் நிற்கும்போது சிரிப்பு வருகிறது. எல்லோரும் பயந்துகொண்டே சொல்லித்தருகிறார்கள், பயந்துகொண்டே பாராட்டுகிறார்கள். பெரிய மனிதர்களைச் சுற்றிப் பொய்ப் பாராட்டு எப்படிச் சேர்கிறது என்பதை அந்த ஆட்களின் முகங்களில்தான் நான் கற்றுக்கொண்டேன். அந்தப் படத்தின் போஸ்டர் நாயகன் சித்தார்த். தேசிய விருது பாபி சிம்ஹாவுக்கு. எந்தப் பிரிவில், அண்ணன்? சிறந்த துணை நடிகர்.

‘தமிழ்ப் படம்’ என்று 2010-இல் சி.எஸ்.அமுதன் எடுத்தார். நாயகன் சிவா. அவருடைய வாலிப நண்பர்களாக எம்.எஸ்.பாஸ்கர், மனோபாலா, வெண்ணிற ஆடை மூர்த்தி. நாயகனைவிடத் தலைமுறை மூத்தவர்கள் அவன் வயதுப் பையன்களாகச் சுற்றுகிறார்கள். நம் படங்களில் வயதைப் பற்றி நாம் பேசாமல் விழுங்கிக்கொள்கிற எல்லாமும் அந்த மூன்று பேர் நடந்து வருவதிலேயே வெளியே வந்துவிடுகிறது. நாயகனால் அதைச் செய்யவே முடியாது, ஏனென்றால் கேலிக்கு ஆளாகிறவரே நாயகன்தான்.

தொழில் ஒன்று தப்பாக நடக்கிறது என்றால், அதைக் கெட்ட மனிதன் ஒருவன் தலையில் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவது சுலபம். ‘ஸ்டேட் அண்ட் மெயின்’ அதைச் செய்யவில்லை. அங்கே ஒவ்வொருவரும் தன் வேலை நடந்தால் போதும் என்று கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறார்கள். கடைசியில் நாயகன் செய்த விபத்தை மறைக்கக் கிட்டத்தட்ட எல்லோருமே ஒத்துழைக்கிற நிலைமை வருகிறது. எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்தது. அவர்களில் ஒருவரையும் என்னால் வெறுக்க முடியவில்லை, ஒருவரையும் விட்டுவிடவும் முடியவில்லை. ஒரே நாயகனை வைத்து எடுத்திருந்தால் நான் அவனை மட்டும் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

மணி அடித்துவிட்டது, நடுவர் ஐயா. ஒரு நிமிஷம் கொடுங்கள்.

ஆயா வீட்டில் எடுத்த அந்தப் படம் வெளிவந்தது. தியேட்டருக்கு நானும் ஆயாவும் போனோம். வளவு வந்தது, தூண் வந்தது, பின்கொசுவம் வந்தது. பணியாரத் தட்டு ஒரு விநாடி வந்தது. தட்டில் மூன்று பணியாரம், சரியாக இருந்தது. தெருவே வந்து உட்கார்ந்திருந்த அந்தக் கொட்டகையில் எல்லோரும் நாயகனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆயா என் கையைப் பிடித்துக் காதில் கேட்டார்: “ஆத்தா, அந்த நோட்டுப் புத்தகம் வைத்திருந்த பிள்ளை எங்கே வரும்?”

வரமாட்டான் ஆயா என்றேன். ஆயா நம்பவில்லை. படம் முடிந்து பெயர்கள் ஓடின. எழுத்துப் படிக்கத் தெரியாத ஆயா, விளக்குப் போட்டு எல்லோரும் எழுந்து போன பிறகும், கடைசிப் பெயர் மேலே போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.